எட்னா லூயிஸ்: மறைந்துபோன கிராமத்தைச் சமையல் புத்தகமாக எழுதியவர் - யார் இவர்?

வேலைக்காக ஊரை விட்டு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூமில் புளிக்குழம்பு வைக்க முயன்றவர்களுக்கு இந்த அனுபவம் கண்டிப்பாக இருக்கும். வீட்டுக்கு போன் போட்டு அளவு கேட்டால், கிராம் கணக்கில் பதில் வராது. நெல்லிக்காய் அளவு புளி, ஒரு கை பருப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம் என்றுதான் வரும். உப்புக்கு அதுகூட கிடையாது. பார்த்துப் போட வேண்டியதுதான்.

சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃப்ரீடவுன் என்ற குட்டிக் கிராமத்திலும் இதே கதைதான். அங்கே பெண்களிடம் அளவு ஸ்பூன் இல்லை. பேக்கிங் பவுடரை ஒரு நாணயத்தின் மேல் குவித்து அளப்பார்கள். சின்ன கேக்குக்கு சின்ன நாணயம், பெரிய கேக்குக்கு பெரிய நாணயம். அடுப்பில் இருக்கும் கேக் வெந்துவிட்டதா என்று பார்க்க, அதைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பதும் உண்டு. உள்ளே ஈரம் இருக்கும்வரை மெல்லிய கொதிசத்தம் வரும். சத்தம் அடங்கினால் வெந்துவிட்டது.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒரு சிறுமி, பின்னாளில் நியூயார்க்கில் ஒரு பிரபலமான உணவகத்தின் சமையற்கட்டை நடத்தினார். 60 வயதில் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்கத் தெற்கின் வீட்டுச் சமையலைப் பற்றி வந்த புத்தகங்களில் மிக முக்கியமானவற்றில் ஒன்றாக இன்றும் அது பேசப்படுகிறது. அவர் பெயர் எட்னா லூயிஸ். புத்தகம், 1976-ல் வந்த 'தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்'.

ஒரு சமையல் புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அதைப் புரிந்துகொள்ள, அவர் பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

விடுதலை பெற்றவர்கள் கட்டிய ஊர்

எட்னா பிறந்தது 1916 ஏப்ரல் 13. ஊர், வர்ஜீனியாவின் ஆரஞ்சு கவுண்டியில் உள்ள ஃப்ரீடவுன். சுதந்திர மனிதர்களின் ஊர் என்று தெரியவேண்டும் என்பதற்காகவே அந்தப் பெயரை வைத்தார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பிறகு, விடுதலை பெற்ற சில குடும்பங்கள் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. அவர்களில் ஒருவர் எட்னாவின் தாத்தா செஸ்டர் லூயிஸ். அவருடைய வீட்டைச் சுற்றி வட்டமாக மற்ற வீடுகள் எழுந்தன. ஊரின் முதல் பள்ளிக்கூடம் நடந்ததும் அவர் வீட்டு முன்னறையில்தான்.

எட்னாவின் பாட்டி அடிமையாக இருந்த காலத்தில் செங்கல் வைத்துக் கட்டும் கொத்தனார் வேலை செய்தவர். ஒரு நிலச்சுவான்தார் அவரை 950 டாலருக்கு வாங்கியிருந்தார். கைக்குழந்தைகளைத் தொட்டிலில் விட்டுவிட்டு நாள் முழுக்க வேலைக்குப் போகவேண்டிய நிலை. அந்த வேதனை பாட்டியின் மனதில் கடைசிவரை இருந்தது. ஒரு மனுஷிக்கு விலை போட்ட காலத்துக்கும் எட்னாவுக்கும் நடுவில் இரண்டே தலைமுறைதான் என்பதை இங்கே கவனிக்கணும்.

எட்டுப் பிள்ளைகள் இருந்த வீடு அது. ஊரில் மின்சாரம் கிடையாது, எல்லாச் சமையலும் விறகு அடுப்பில். சாப்பிடும் பொருட்களில் பெரும்பகுதியை ஊரே விளைவித்துக்கொண்டது. கோதுமை, சோளம், காய்கறி, கோழி, பன்றி, பால், வெண்ணெய் எல்லாம் சொந்தம். காப்பிக்கொட்டை, சர்க்கரை போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் கடை. பனி விலகியதும் பெண்கள் வயல்வெளியில் கீரை பறிக்கப் போவார்கள். நம்ம ஊரில் சக்கரவர்த்திக் கீரை என்று சொல்கிறோமே, அந்த வகையும் அதில் உண்டு. ஆற்றில் முட்டையிட ஏறிவரும் ஷாட் மீன், வசந்தகாலத்தின் விருந்து. நம் உல்லம் மீனுக்குச் சொந்தக்கார வகை அது. அதேபோல முள்ளும் அதிகம், ருசியும் அதிகம்.

அறுவடை என்றாலும், பன்றி அடிப்பது என்றாலும் எல்லா வீட்டுக்காரர்களும் ஒன்றுசேர்ந்து செய்வார்கள். வேலை முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே இடத்தில் சாப்பாடு. எட்னாவுக்குச் சமையல் பள்ளி என்றால் இதுதான். வேறு எந்தச் சமையல் பள்ளியிலும் அவர் படித்ததில்லை.

மூன்று மணி நேரத்தில் போன வேலை

1928-ல் அப்பா யூஜின் லூயிஸ் இறந்தபோது எட்னாவுக்கு 12 வயது. அதற்கடுத்த சில வருஷங்களில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தநிலை தாக்கியது. 16 வயதில் எட்னா ஊரை விட்டுக் கிளம்பினார். முதலில் வாஷிங்டன், பிறகு நியூயார்க்.

இது அவருடைய தனிக்கதை மட்டும் இல்லை. 1910-களில் தொடங்கி 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்கு இடம்பெயர்ந்தார்கள். தெற்கில் பள்ளி, ரயில், உணவகம் எல்லாவற்றிலும் இனப் பிரிவினை இருந்தது. நகரத்தில் கூலியாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போனார்கள். ஃப்ரீடவுன் போன்ற ஊர்கள் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகின.

நியூயார்க்கில் எட்னாவுக்குக் கிடைத்த ஆரம்ப வேலைகளில் ஒன்று, ஒரு சலவைக் கடையில் துணிக்கு இஸ்திரி போடுவது. அவர் அதுவரை இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதே இல்லை. மூன்று மணி நேரத்தில் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் அவருக்குத் தையல் தெரியும். பாரிஸ் டிசைனர் கிறிஸ்டியன் டியோரின் உடைகளைப் பார்த்து அப்படியே தைத்துக் கொடுக்கும் அளவுக்குக் கைத்தேர்ச்சி. மர்லின் மன்றோவுக்கும் ஓர் உடை தைத்திருக்கிறார். பின்னாளில் ஆப்பிரிக்கத் துணிகளில் தானே தைத்த நீளமான கவுன்களும், பின்னால் முடிந்த கூந்தலும் அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டன.

அரசியலும் இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் 'டெய்லி வொர்க்கர்' பத்திரிகையில் வேலை பார்த்தார். கப்பல் தொழிலாளியாக இருந்த ஸ்டீவ் கிங்ஸ்டனைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் அதே கட்சிக்காரர்.

கஃபே நிக்கல்சன்: பிரபலங்களின் மேசை

எட்னாவின் நண்பர்களில் ஒருவர் ஜான் நிக்கல்சன். பழம்பொருள் வியாபாரி. 1940-களின் கடைசியில் மன்ஹாட்டனில் ஒரு சின்ன கஃபே தொடங்கத் திட்டமிட்டார். நண்பர்கள் வட்டத்தில் எட்னா சமைக்கும் விருந்துகள் ஏற்கெனவே பிரபலம். சமையற்கட்டை எட்னா எடுத்துக்கொண்டார். சம்பளக்காரராக இல்லை, பங்குதாரராக. ஒரு கறுப்பினப் பெண் நியூயார்க்கில் ஓர் உணவகத்தின் தலைமைச் சமையல்காரராகவும் பங்குதாரராகவும் இருப்பது அன்றைக்கு மிக அபூர்வம்.

மெனு சின்னது. மூலிகை சேர்த்துச் சுட்ட கோழி, மாட்டிறைச்சி ஸ்டேக், கடைசியில் சாக்லேட் சூஃப்ளே. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, ஓவனில் வைத்து உப்ப வைக்கும் இனிப்பு அது. வெளியே எடுத்த சில நிமிடத்தில் அமுங்கிவிடும் என்பதால் செய்வது பெரிய சவால். 1951-ல் உணவுப் பத்திரிகையாளர் கிளமென்டைன் பேடில்ஃபோர்ட் அந்த சூஃப்ளேயைப் புகழ்ந்து எழுத, கூட்டம் இன்னும் கூடியது.

டென்னஸி வில்லியம்ஸ், ட்ரூமன் கபோட்டி, மார்லன் பிராண்டோ என்று எழுத்தாளர்களும் நடிகர்களும் வந்து போனார்கள். நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர், எட்னா பாரிஸில் சமையல் படித்தவரா என்று விசாரித்ததாக ஒரு கதை உண்டு. எட்னா கற்றது ஃப்ரீடவுனின் விறகு அடுப்பில்.

இங்கே ஒரு விஷயம். அந்த உணவகத்தின் தோட்டத்தில் 1949-ல் கார்ல் பிஸிங்கர் எடுத்த புகைப்படம் ரொம்பப் பிரபலம். டென்னஸி வில்லியம்ஸ், கோர் விடல் உள்ளிட்ட கலைஞர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் ஒரு கறுப்பினப் பணிப்பெண் தட்டோடு நிற்பார். போருக்குப் பிந்தைய நியூயார்க்கின் கலை உலகத்தைக் காட்ட அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்த இடத்துக்கு ருசி கொடுத்த எட்னா அந்தப் படத்தில் இல்லை.

சரிவுகளும் ஒரு கால் முறிவும்

1950-களின் நடுவில் எட்னா அந்த உணவகத்தை விட்டு விலகினார். கணவரோடு சேர்ந்து நியூ ஜெர்சியில் ஃபெசன்ட் என்ற பறவை வளர்க்கும் பண்ணை தொடங்கினார். நோய் தாக்கிப் பறவைகள் கூட்டமாகச் செத்துப்போக, அந்த முயற்சி அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்தார், சமையல் வகுப்பு எடுத்தார். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஆப்பிரிக்க மக்கள் பற்றிய அரங்கில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டியாகவும் இருந்தார்.

1970-களின் தொடக்கத்தில் பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்க முடியாத நிலை. அப்போதுதான் எழுத்துப் பக்கம் வந்தார். 1972-ல் இவாஞ்சலின் பீட்டர்சன் என்ற தோழியுடன் சேர்ந்து 'தி எட்னா லூயிஸ் குக்புக்' வெளிவந்தது. நல்ல சமையல் குறிப்புகள்தான். ஆனால் அதில் ஃப்ரீடவுன் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்பது போன்ற ஒரு புத்தகமாக அது இருந்தது.

பேனா யார் கையில் இருந்தது?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

அமெரிக்கத் தெற்கின் சமையலை முதலில் புத்தகமாக்கியவர்களில் ஒருவர் மேரி ராண்டால்ஃப். 1824-ல் வந்த அவருடைய 'தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்' மிகப் புகழ்பெற்றது. அவர் வெள்ளையின நிலச்சுவான்தார் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்படிப்பட்ட வீடுகளில் அடுப்பின் முன்னால் நின்றவர்கள் அடிமைகள். வெண்டைக்காய், காராமணி, எள் போன்றவை தெற்கின் சமையலுக்குள் வந்ததே ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட அந்த மக்கள் வழியாகத்தான். கரோலினாவின் அரிசி வயல்களை உருவாக்கியதும் அவர்கள் உழைப்புதான். ஆனால் புத்தக அட்டையில் வந்தது வீட்டு எஜமானியின் பெயர்.

அடிமைகள் எழுதப் படிக்கக் கற்பதைத் தெற்கின் பல மாநிலங்கள் சட்டம் போட்டே தடுத்தன. 1881-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஏபி ஃபிஷர் என்ற கறுப்பினப் பெண் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். தென் கரோலினாவில் பிறந்தவர், ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் கண்காட்சிகளில் பரிசு வாங்கியவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். கேட்டு எழுதியவர்களுக்குத் தெற்கின் உச்சரிப்பு பிடிபடவில்லை. சோளமும் பீன்ஸும் சேர்த்துச் செய்யும் சக்கடாஷ் என்ற பதார்த்தம், புத்தகத்தில் சர்க்கியூட் ஹாஷ் என்று அச்சாகிவிட்டது. அந்தத் தவறு இன்றும் அப்படியே இருக்கிறது.

அதே சமயம், கறுப்பினச் சமையல்காரியின் சிரித்த முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த யாரும் தயங்கவில்லை. 1889-ல் தொடங்கிய ஆன்ட் ஜெமைமா என்ற பான்கேக் மாவு பிராண்ட் அதற்கு நல்ல உதாரணம். அந்தப் பெயரை நிறுவனம் கைவிட்டது 2021-ல்தான். ஆக, முகம் பொட்டலத்தில் இருந்தது. பெயர் புத்தகத்தில் இல்லை. இந்தப் பின்னணியில்தான் எட்னா பேனா எடுத்ததன் கனம் புரியும்.

ஒரு பதிப்பாசிரியரின் கேள்விகள்

ஜூடித் ஜோன்ஸ், நியூயார்க்கின் நாஃப் பதிப்பகத்தில் பதிப்பாசிரியர். ஆன் ஃபிராங்கின் டைரி அமெரிக்காவில் வெளிவரக் காரணமாக இருந்தவர், பிரெஞ்சுச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோன ஜூலியா சைல்டின் புத்தகத்தைப் பதிப்பித்தவர்.

எட்னாவும் பீட்டர்சனும் அவரைச் சந்தித்தபோது, பேச்சுவாக்கில் எட்னா தன் ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். முதல் புத்தகத்தில் வராத உயிர் இந்தப் பேச்சில் இருக்கிறது என்று ஜோன்ஸுக்கு உடனே தெரிந்துவிட்டது. இதை எட்னா தன் சொந்தக் குரலில் எழுத வேண்டும் என்றார். பீட்டர்சன் பெருந்தன்மையோடு ஒதுங்கிக்கொண்டார்.

பிறகு நடந்த வேலைமுறை எளிமையானது. எட்னா ஜோன்ஸின் அலுவலகத்துக்கு வருவார். ஜோன்ஸ் கேள்வி கேட்பார். எட்னா நினைவிலிருந்து சொல்வார். வீட்டுக்குப் போய், சொன்னதையெல்லாம் மஞ்சள் நிறத் தாள்களில் கையால் எழுதிக்கொண்டு வருவார். ஏபி ஃபிஷர் சொன்னதை வேறு யாரோ எழுதினார்கள். 95 வருஷம் கழித்து, எட்னா சொன்னதை எட்னாவே எழுதினார்.

அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கு?

வழக்கமான சமையல் புத்தகத்தில் சூப், இறைச்சி, இனிப்பு என்று பிரிவுகள் இருக்கும். எட்னாவின் புத்தகம் பருவங்களாகப் பிரிந்திருக்கிறது. வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம். ஒவ்வொன்றிலும் அந்தப் பருவத்து வேலை, அந்த வேலைக்கான சாப்பாடு.

செம்மறி ஆட்டு ரோமம் கத்தரித்த பிறகு ஒரு விருந்து. ஷாட் மீன் ஆற்றில் ஏறும் நாட்களில் காலைச் சாப்பாடு. கோதுமை அறுவடை நடக்கும்போது ஆட்களுக்கு மதியச் சாப்பாடு. ஆகஸ்டில் தேவாலயத்தில் எழுப்புதல் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை விருந்து. பன்றி அடித்த மறுநாள் காலை டிபன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு உணவு. வாசிக்க வாசிக்க ஓர் ஊரின் ஒரு வருஷமே கண்முன் ஓடும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. தை என்றால் பொங்கல், ஆடி என்றால் கூழ், மழைக்காலம் வந்தால் வற்றலும் வடகமும் என்று மாதத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து நினைப்பவர்கள்தானே நாம்.

செய்முறைகளும் கறார். வறுத்த கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் கலந்து காய்ச்சி, அதில் வாசனைக்கு ஒரு துண்டு ஹாம் போட்டு, அதில்தான் கோழியைப் பொரிப்பார். தெற்கின் பிஸ்கட் நம் டீக்கடை பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பானது இல்லை. மென்மையான குட்டி பன் போல இருக்கும். கடையில் விற்கும் சில பேக்கிங் பவுடரில் உலோக வாடை அடிக்கும் என்பது எட்னாவின் குறை. கிரீம் ஆஃப் டார்ட்டரும் சமையல் சோடாவும் கலந்து தானே தயாரித்துக்கொள்வார்.

எந்த மாதத்தில் எது விளைகிறதோ அதையே சாப்பிடுவது, பக்கத்து நிலத்தில் விளைந்ததை வாங்குவது என்று இன்று பெரிய உணவகங்கள் மெனுவில் பெருமையாகப் போடுகின்றன. ஃப்ரீடவுன் மக்கள் இதற்கு ஒரு பெயர்கூட வைத்ததில்லை. அவர்களுக்கு அது அன்றாடம்.

தேங்க்ஸ்கிவிங் எங்கே?

புத்தக வேலை நடந்துகொண்டிருந்தபோது ஜூடித் ஜோன்ஸுக்கு ஒரு சந்தேகம். இலையுதிர்காலப் பகுதியில் தேங்க்ஸ்கிவிங் விருந்து இல்லையே? நவம்பர் மாத நான்காவது வியாழக்கிழமை, வான்கோழி சுட்டுக் குடும்பத்தோடு சாப்பிடும் அந்த நாள் அமெரிக்கர்களுக்கு அவ்வளவு முக்கியம். அது இல்லாமல் ஓர் அமெரிக்கச் சமையல் புத்தகமா?

எங்கள் ஊரில் தேங்க்ஸ்கிவிங் கொண்டாடியதில்லை என்றார் எட்னா. அவர்கள் கொண்டாடியது விடுதலை நாள். அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை நினைத்து ஊரே கூடும் நாள்.

அப்படியென்றால் அதையே எழுதுங்கள் என்றார் ஜோன்ஸ். விடுதலை நாள் விருந்து என்ற பகுதி இப்படித்தான் புத்தகத்துக்குள் வந்தது. வான்கோழிக்குப் பதிலாக அங்கே கினிக்கோழி. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கூடவே காட்டரிசி, தக்காளியோடு பீன்ஸ் சாலட், பிளம் பழ டார்ட்.

புத்தகத்தில் எட்னா கோபப்பட்டுப் பிரசங்கம் செய்வதில்லை. அடிமைமுறையின் கொடுமைகளைப் பட்டியல் போடுவதும் இல்லை. சுதந்திரம் அடைந்த மனிதர்கள் தங்கள் நிலத்தில், தாங்கள் விளைவித்ததை, தாங்கள் விரும்பிய நாளில் கூடிச் சாப்பிட்டதை வரிசையாகச் சொல்கிறார். அடுத்தவர் மேசைக்கு மட்டுமே சமைத்தவர்களின் பேரப்பிள்ளை இதை எழுதுகிறார் என்பது ஞாபகத்தில் இருந்தால், ஒரு மெனு கார்டே வரலாறாகத் தெரியும்.

70 வயதுக்குப் பிறகும் அடுப்படி

புத்தகம் வந்ததும் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். நியூயார்க் டைம்ஸின் புகழ்பெற்ற உணவு எழுத்தாளரும் மிசிசிப்பிக்காரருமான கிரெய்க் கிளெய்போர்ன், ஒரு வட்டாரத்தின் சமையலைச் சொல்லும் நூல்களில் இதற்கு மிக உயர்ந்த இடம் கொடுத்தார்.

ஆனால் பாராட்டு வேறு, வருமானம் வேறு. எட்னா ஓய்வெடுக்கவில்லை. 1980-களில் வட கரோலினாவில் ஓர் உணவகத்தில் சமைத்தார். பிறகு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே மிடில்டன் பிளேஸில் வேலை. அடிமைகளின் உழைப்பில் அரிசிச் செல்வம் குவித்த ஒரு பழைய எஸ்டேட் அது. 1988-ல் 'இன் பர்சூட் ஆஃப் ஃபிளேவர்' என்ற மூன்றாவது புத்தகம். கிட்டத்தட்ட அதே சமயத்தில், 72 வயதில், புரூக்ளினில் 1879 முதல் இயங்கிவந்த கேஜ் அண்ட் டோல்னர் உணவகத்தின் சமையற்கட்டுக்குத் தலைமை ஏற்றார். 1992 வரை அங்கே இருந்தார்.

தெற்கின் சமையல் என்றாலே எண்ணெயில் பொரித்தது, கொழுப்பு அதிகம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. துரித உணவுக் கடைகள் அந்த எண்ணத்தை இன்னும் வளர்த்தன. கீரை, பழம், மீன், தானியம் என்று அதில் இருக்கும் அகலத்தைக் காப்பாற்ற, தெற்கின் உணவை மீட்டுப் பாதுகாக்கும் ஒரு சங்கத்தை அவர் தொடங்கினார்.

இதில் அவருக்குத் துணையாக வந்தவர் ஸ்காட் பீகாக். அலபாமாவைச் சேர்ந்த வெள்ளையின இளைஞர், எட்னாவைவிட 47 வயது சின்னவர், ஜார்ஜியா மாநில ஆளுநரின் சமையல்காரராக இருந்தவர். இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். 2003-ல் சேர்ந்து 'தி கிஃப்ட் ஆஃப் சதர்ன் குக்கிங்' என்ற புத்தகம் கொண்டுவந்தார்கள். கடைசி வருடங்களில் எட்னாவைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

2006 பிப்ரவரி 13 அன்று, ஜார்ஜியாவின் டிகேட்டர் நகரில் எட்னா லூயிஸ் காலமானார். வயது 89.

தெற்கு என்றால் என்ன என்ற கேள்வியை வைத்து அவர் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பிறகு 2008-ல் 'கூர்மே' இதழில் வந்தது. 2014-ல் அமெரிக்க அஞ்சல் துறை ஐந்து சமையல் கலைஞர்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ஜூலியா சைல்ட், ஜேம்ஸ் பியர்ட் ஆகியோருக்குப் பக்கத்தில் எட்னாவின் முகமும் இருந்தது. 1949-ன் புகைப்படத்தில் விடுபட்டவர், தன் பெயரோடு அஞ்சல் உறைகளில் நாடு முழுக்கப் போனார். 2017-ல் ஒரு தொலைக்காட்சிச் சமையல் போட்டி அவரை மையமாக வைத்து ஒரு பகுதி ஒளிபரப்ப, 40 வருஷப் பழைய புத்தகம் மறுபடி விற்பனைப் பட்டியலின் மேலே ஏறியது.

இதில் நமக்கு என்ன இருக்கு?

ஃப்ரீடவுனை இன்று தேடிப் போனால் அந்தப் பழைய ஊர் இல்லை. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், பெரியவர்கள் காலமானார்கள், வீடுகள் காலியாகின. அந்த ஊர் எதைச் சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டது என்பது மட்டும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. காரணம், 16 வயதில் ஊரை விட்டுப் போன ஒரு பெண், 60 வயதில் அதை உட்கார்ந்து எழுதினார்.

அதுவும், அவரிடம் ஒருவர் சரியான கேள்விகளைக் கேட்டதால். தேங்க்ஸ்கிவிங் எங்கே என்று ஜோன்ஸ் கேட்காமல் இருந்திருந்தால், விடுதலை நாள் விருந்து பக்கத்தில் ஏறாமலே போயிருக்கலாம்.

அடுத்த முறை வீட்டுக்கு போன் போட்டு அளவு கேட்கும்போது, கூடவே இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்தக் குழம்பை வீட்டில் முதலில் வைத்தது யார்? எந்த நாளில், யாருக்காக வைப்பார்கள்? பதில் நீளமாக வந்தால் அவசரப்படாதீங்க. போனில் ரெக்கார்டிங் பட்டன் இருக்கே, அதை ஒருமுறை அழுத்திவிட்டுக் கேளுங்க.